மணி அடிக்கும்போது பந்து யார் கையில்

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் மைதானம் சட்டென்று அடங்கிவிடும். அதுவரை கூவிக்கொண்டிருந்த வாய்கள் மூடிக்கொள்ளும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் அந்தந்த இடத்திலேயே நின்று நெற்றியில் சிலுவை போடுவார்கள், பந்துக்கு மட்டும் மணி கேட்காது என்பதால் அது யாரும் தொடாமல் மணலில் சரசரவென்று உருண்டு போய்க்கொண்டே இருக்கும். இரண்டு ஊர் ஜனம் கூடியிருக்கிற இடத்தில், பக்கத்தில் கடலும் இருக்க, ஒரு பந்து உருளுகிற சத்தம் தனியாகக் கேட்கும். அப்படி உருண்டு அது கோலுக்குள்ளேயே போய்விட்டாலும் கணக்கில்லை. "மணிக்குப் பெறவு போனது சாமிக்க கோலு" என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் ஊர் கீழத்துறை. பொழிக்கு அந்தப் பக்கம் மேலத்துறை. பொழி என்றால் ஆறு கடலில் சேருகிற இடம், வெயில் காலத்தில் மண்ணடைத்துக் கிடக்கும், முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தே கடந்துவிடலாம். இரண்டு ஊரும் கடல்தொழில், இரண்டு ஊரும் ஒரே வேதம், இரண்டு ஊருக்கும் பந்துகளி என்றால், கால்பந்தாட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், சோறு வேண்டாம். எங்கள் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கிற ஏழுபேர் களியில் கடைசிக் களி பெரும்பாலும் இந்த இரண்டு ஊருக்கும் இடையில்தான் வரும். அப்போது மைதானத்தில் விளக்குக் கிடையாது. வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கி, வெளிச்சம் இருக்கிற வரைக்கும்தான் களி. நடுவராக நின்ற வியாகுலம் மாமாவிடம் ஒரு விசிலும் ஒரு பழைய கைக்கடிகாரமும் இருந்தாலும், கடிகாரத்தை அவர் பெரிதாக நம்பமாட்டார். "பந்து கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் களி, தெரியாம ஆனா வீடு" என்பார். அந்த நேரத்தில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்குக் கப்பு.

ஆறு மணி ஜெபத்துக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மணி அடிக்கும்போது பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணியில் ஒருவன் ஜெபத்தைச் சொல்ல வேண்டும், மற்ற எல்லாரும் பதில் சொல்ல வேண்டும். யார் இந்த வழக்கத்தைத் தொடங்கினார்கள் என்று தெரியாது. நல்லதுக்குத்தான் தொடங்கியிருப்பார்கள். அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவன் எங்கள் அண்ணன்.

அண்ணன் பெயர் ததேயுஸ். எனக்கும் அவனுக்கும் வயது இடைவெளி அதிகம், நான் தாவணிகூடப் போடாத காலத்தில் அவன் கொச்சிக்குப் போய் பெரிய படகில் தொழில் செய்துகொண்டிருந்தான். அப்பாவும் அங்கேதான். திருவிழாவுக்கு அப்பா வந்தாலும் வராவிட்டாலும் அண்ணன் வந்துவிடுவான், ஏனென்றால் கீழத்துறைக்குக் கோல் காக்கிறவன் அவன்தான். பந்து அவன் கைக்கு வந்தால் எளிதில் போகாது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுவான், எழும்புவான், மண்ணைத் தட்டுவான், காலுறையை இழுத்துவிடுவான், யாருக்கோ அடிக்கப் போகிறவன்போல ஓங்குவான், பிறகு மனம் மாறி இன்னொரு பக்கம் நடப்பான். மேலத்துறைக்காரர்கள் அவனுக்கு "நேரங்கொல்லி" என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் "ஏட்டி, நேரங்கொல்லிக்க தங்கச்சி, நேரத்துக்கு வந்துட்டியா?" என்று கேட்பார்கள். எனக்கு அழுகை வரும். வீட்டில் வந்து சொன்னால் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

நாங்கள் ஒரு கோல் முன்னால் நிற்கிற நாட்களில், ஆறு மணி நெருங்குகிறபோது எப்படியாவது பந்து அவன் கைக்கு வந்து சேர்ந்துவிடும். எங்கள் ஆட்களே பின்னால் தட்டிக் கொடுப்பார்கள். மணி அடிக்கும். பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணன் ஜெபத்தைத் தொடங்குவான். சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்தவன், எல்லா ஜெபமும் அவனுக்கு மனப்பாடம், குரலும் நன்றாக இருக்கும். திரிகால ஜெபம் முடிந்ததும் மற்றவர்கள் ஓடத் தயாராகக் காலைத் தூக்குவார்கள், அவன் கண்ணைத் திறக்காமல் "நம்ம ஊர் நோயாளிகளுக்கு வேண்டி" என்று ஒரு பரலோக மந்திரத்தைத் தொடங்குவான். அது முடிந்தால் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு வேண்டி. அது முடிந்தால் மழைக்கு வேண்டி. சில நாள் மன்றாட்டு மாலையே சொல்லத் தொடங்கிவிடுவான். ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கூட்டம் பதில் சொல்ல வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கிற மேலத்துறைக்காரர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வார்கள். ஜெபத்தை நிறுத்து என்று எவன் சொல்வான்? சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும். பக்தியோடு நிற்கிற இரண்டு ஊர் ஜனத்தில் ஒரு ஊருக்குச் சிரிப்பு, ஒரு ஊருக்கு எரிச்சல், இரண்டையும் வெளியே காட்ட முடியாது.

மைதானத்துக்கு வெளியே ஒரு சாயாக்கடை இருந்தது. களி முடிந்தால் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் அங்கே உட்கார்ந்து வாயால் ஒரு களி களிப்பார்கள்.

"ஜெபத்துக்கு ஆன நேரத்தக் கடைசியில கூட்டித் தரணும் வோய். அதாக்கும் நியாயம்" என்று மேலத்துறைக்காரர் ஒருவர் தொடங்குவார்.

"கூட்டித் தருவாவ. சூரியன ஆரு பிடிச்சு நிப்பாட்டுவா? ஒனக்க மாமனா?"

"உங்க ததேயுசுக்க வாய நிப்பாட்டினா மதி, சூரியன் தன்னால நிக்கும்."

"ஜெபம் சொன்னா தப்பாவே? நாளைக்கு நீரு சாவக் கெடக்கும்பம் ரெண்டு வரி கூட்டிச் சொல்ல ஆளு வேணும் பாத்துக்கிடும்."

"அது ஜெபமில்ல வோய், நேரங்கொல்லல். சாமிக்கே தெரியும்."

வியாகுலம் மாமா சாயாவை ஊதிக்கொண்டே சொல்வார்: "சாமிக்குத் தெரிஞ்சா சாமி விசில் அடிக்கட்டும். எனக்கு ஜெபத்துக்கு விசில் அடிக்கச் சட்டம் இல்ல."

எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த வருடம் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று பேசிக் கலைவார்கள், அடுத்த வருடமும் அண்ணன் ஜெபம் சொல்வான்.

மேலத்துறையில் ஆன்றோ என்று ஒருவன் இருந்தான். அண்ணன் வயதுதான். அண்ணன் கையில் பிடிக்க முடியாத பந்தை அடிக்கிறவன் இந்தக் கடற்கரையிலேயே அவன் ஒருவன்தான். பொழியைக் கடந்து வந்து எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தும் போயிருக்கிறான். "உனக்க கையில எண்ணெய் தேச்சிருக்கியா மக்கா, பந்து வழுக்குதே" என்று அண்ணனைக் கேலி செய்வான். அவனுக்கு அப்பா இல்லை, அம்மை மட்டும். லூர்தம்மாள் மாமி. தலையில் மீன் சுமந்து விற்று அவனை வளர்த்தவள்.

ஒரு மழைக்காலத்தில் ஆன்றோ போன படகைக் கப்பல் ஒன்று இடித்துவிட்டுப் போய்விட்டது என்று செய்தி வந்தது. கூட இருந்த இரண்டு பேரை வேறு படகுக்காரர்கள் தூக்கினார்கள். ஆன்றோவைக் காணவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் தேடினார்கள், பிறகு தேடுவதை விட்டார்கள். ஆனால் லூர்தம்மாள் மாமி விடவில்லை. அந்நிய நாட்டுக் கரையில் ஒதுங்கி, அங்கே ஜெயிலில் கிடந்து, வருடங்கள் கழித்து வீட்டுக்கு வந்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. "எக்க புள்ளை ஏதோ ஒரு நாட்டு ஜெயில்ல கெடக்கான், வருவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனுக்கு அடக்கப் பூசை வைக்க விடவில்லை. மரித்தவர்களுக்கான ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பங்குச் சாமியாரிடமே போய்ச் சொல்லிவிட்டாள். அவள் ஊரில் எல்லாருக்கும் மனதுக்குள் அவன் செத்தவன்தான், அவளுக்கு முன்னால் மட்டும் அவன் உயிரோடு இருந்தான்.

அடுத்து வந்த திருவிழாவில் கடைசிக் களி வழக்கம்போல எங்களுக்கும் மேலத்துறைக்கும். லூர்தம்மாள் மாமியும் வந்திருந்தாள். மகன் அணிக்கு என்று பொம்பிளைகள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எங்கள் அம்மையின் மடியோடு ஒட்டிக்கொண்டு அவளுக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன். ஆன்றோ இல்லாமலும் அவர்கள் அன்று நன்றாகக் களித்தார்கள். நாங்கள் ஒரு கோல் அடித்து முன்னால் நின்றோம், அதோடு எங்கள் ஆட்கள் ஓய்ந்துபோனார்கள், பந்து எங்கள் பக்கமே கிடந்தது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் அவர்கள் திருப்பிவிடுவார்கள் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்தது. அப்போது மணி அடித்தது. பந்து அண்ணன் கையில்.

அவன் எல்லாம் சொன்னான். நோயாளிகளைச் சொன்னான், பரீட்சைப் பிள்ளைகளைச் சொன்னான், மழையைச் சொன்னான். மன்றாட்டு மாலையும் சொல்லி முடித்தான். வியாகுலம் மாமா விசிலை வாயருகே கொண்டுபோனார். இன்னும் பந்து கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து மேற்கே பார்த்ததை நான் பார்த்தேன். திரும்பக் கண்ணை மூடினான்.

"கடல்ல மரிச்சுப்போன நம்ம சகோதரன் ஆன்றோவுக்க ஆத்துமாவுக்கு வேண்டி" என்றான்.

பரலோக மந்திரத்தின் முதல் பாதியை அவன் சொன்னான். பின்பாதியை ஜனம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. மேலத்துறைப் பையன்கள் கை கூப்பியபடியே அவனைக் கொன்றுவிடுகிறதுபோலப் பார்த்தார்கள். ஜெபத்தில் நிற்கிறவனை எப்படி அடிப்பது? எங்கள் ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். லூர்தம்மாள் மாமி மெதுவாக எழுந்து நின்றாள். அழவில்லை, சத்தம் போடவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும் என்ன சொன்னோம் என்று. ஆனால் தொடங்கிய ஜெபத்தை நடுவில் விட முடியாதே. பின்பாதியையும் அவனே தனியாகச் சொல்லி முடித்தான். அருள் நிறைந்த மந்திரத்தையும் இரண்டு பாதியும் அவனே சொன்னான். அதற்குள் இருட்டிவிட்டது. வியாகுலம் மாமா விசில் அடித்தார். நாங்கள் ஜெயித்தோம்.

கப்போடு வீட்டுக்கு வந்தவனை அம்மை வாசலிலேயே நிறுத்தினாள்.

"சொணை கெட்ட பயலே, செத்தவன வச்சாலே களிச்சா?"

"நீயும் செத்தவன்னுதான் சொல்லுகா" என்றான் அண்ணன்.

"வீட்டுக்குள்ள சொல்லுகேன். அவளுக்கு மின்னால சொன்னேனா?"

அண்ணன் கப்பை வாசலுக்கு வெளியே மணலில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். காலையில் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று பூசை முடிந்த பிறகு லூர்தம்மாள் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொழியைக் கடந்து வந்ததால் சேலைக் கரை நனைந்து மண் ஒட்டியிருந்தது. அடிக்க வருகிறாள், சாபம் போட வருகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மை பதறிப்போய் பாய் விரித்தாள், சாயா போட்டுக் கொடுத்தாள். மாமி சாயாவைத் தொடவில்லை. அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வச்சுக் கண்ட மக்கா?" என்று கேட்டாள்.

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன மாமி?"

"எக்க ஆன்றோவ. நீயும் அந்தக் கடல்லதானே போறா. கண்டதுனாலத்தானே சொன்னா. என்ன நெறத்துச் சட்ட போட்டிருந்தான்? சொல்லு, நான் கரையமாட்டேன்."

அவள் விடிய விடிய அதையே யோசித்திருக்கிறாள். ஜெபத்தில் ஒருவன் பொய் சொல்லமாட்டான் என்பது அவள் கணக்கு. அவ்வளவு பேருக்கு முன்னால், கண்ணை மூடி, மரித்தவன் என்று ஒருவன் சொன்னால், அவன் பிணத்தைக் கண்டிருக்க வேண்டும், கண்டதை அம்மையிடம் சொல்லத் தைரியம் இல்லாமல் சாமியிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் அப்படித்தான் புரிந்துகொண்டு வந்திருந்தாள்.

அண்ணன் எங்கள் அம்மையைப் பார்த்தான். அம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காணல்ல மாமி" என்றான்.

"பயப்படாத மக்கா."

"சத்தியமா காணல்ல. அது… களிக்கு வேண்டிச் சொன்னதாக்கும். நேரம் போகதுக்கு."

"என்ன நேரம்?"

மாமிக்குப் பந்துகளி பார்க்கத் தெரியும், சட்டம் தெரியாது. அண்ணன் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. மணி அடிக்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்கள் ஜெபம் சொல்ல வேண்டும் மாமி, ஜெபம் நீண்டால் வெளிச்சம் போய்விடும், வெளிச்சம் போனால் களி முடிந்துவிடும், முன்னால் நிற்கிறவர்கள் ஜெயிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலத் தலையாட்டிக் கேட்டாள், விளங்காத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டாள். அண்ணன் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். என் அண்ணன் அடி வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

எல்லாம் கேட்டு முடித்ததும் மாமி கேட்டாள்: "அப்போ நீ ஒண்ணும் காணல்ல?"

"இல்ல மாமி."

"எக்க புள்ளை செத்ததா உனக்கு ஒண்ணும் தெரியாது?"

"தெரியாது."

அவள் முகம் மலர்ந்துபோனது. நான் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு மலர்ச்சியைப் பிறகு பார்க்கவில்லை. அண்ணன் தலையை இழுத்து உச்சியில் முத்தமிட்டாள். "கள்ளப்பயலே, ஒரு ராத்திரி என்னைக் கொன்னுட்டியே" என்று சிரித்தாள். ஆறிப்போன சாயாவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "இனி கடலுக்குப் போவும்பம் அங்கோட்டும் இங்கோட்டும் ஒண்ணு பாத்துக்க மக்கா. கரைக்கு வந்தா எனக்கு வந்து சொல்லு" என்றாள். நனைந்த சேலையோடு வேகமாக நடந்து போனாள். அவள் போன பிறகு அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்தான். எங்கள் பக்கம் அழுவதைக் கரைவது என்றுதான் சொல்வோம்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு முன்னால் கமிட்டி கூடியபோது, ஜெப நேரத்துக்குக் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், களியையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டவன் அண்ணன். மேலத்துறைக்காரர்களே திகைத்துப் போனார்கள். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா?

"ஏலே, நீ எந்தத் துறைக்காரன்? கோட்டாத்துச் சந்தையில வித்துட்டியா ஊர?"

"நீதானலே கண்டுபிடிச்சா. நீயே அடைக்கியா?"

"ஜெபத்துல நேரம் பாக்கது பாவம்னு நேத்து வர சொன்ன வாயி இது."

அண்ணன் காரணம் சொல்லவில்லை. "இனி எக்க கையில மணிக்குப் பந்து வராது. வந்தா வெளிய அடிப்பேன்" என்று மட்டும் சொன்னான். வியாகுலம் மாமா தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ கடியாரத்த நம்பணும்னு சொல்லுகா. செரி" என்றார். சட்டம் மாறியது. சொன்னால் சிரிப்பீர்கள், ஜெபத்தால் யாருக்கும் லாபம் இல்லை என்று ஆனதும் ஜெபம் சுருங்கத் தொடங்கியது. முதல் வருடம் திரிகால ஜெபத்தோடு நிறுத்தினார்கள். பிறகு ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம். பிறகு மணி அடித்தால் நின்று சிலுவை மட்டும் போட்டார்கள்.

அண்ணன் அந்த வருடத்திலிருந்து ஒரு வேலையைத் தலையில் ஏற்றிக்கொண்டான். கொச்சியிலிருந்து வந்ததும் பையை வீட்டில் வைப்பான், கஞ்சி குடிப்பதற்கு முன்னாலேயே பொழியைக் கடந்து போவான். பல நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், தனியாகப் போக அவனுக்குக் கூச்சம். மாமி வாசலிலேயே நிற்பாள். "இல்ல மாமி, காணல்ல" என்பான். எங்கெங்கே போனான், எந்தத் துறைமுகத்தில் கட்டினான், வேறு ஊர்க்காரர் யாரைப் பார்த்துக் கேட்டான் என்று அவள் விசாரிப்பாள். அவன் ஒன்று விடாமல் சொல்வான். உண்மையிலேயே கேட்டுக்கொண்டுதான் வருவான், சும்மா சொல்லமாட்டான். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். காணாதது அவளுக்கு நல்ல செய்தி. "நீ காணாத வர அவன் உண்டு" என்பாள். திரும்பி வரும் வழியில் ஒருமுறை நான், "எதுக்குண்ணே போற, இனியும் அவன் இருக்கமாட்டான்லா" என்று கேட்டேன். "ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லிப் பாத்தாச்சுட்டி. மதி" என்றான்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டேன், தையல் கடையில் சேர்ந்தேன், அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது, அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. இத்தனைக்கும் நடுவில் அந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. ஊரில் யாருக்கும் அவன் எதற்குப் போகிறான் என்று சரியாகத் தெரியாது. ஆன்றோவின் கூட்டுக்காரன், அம்மையைப் பார்க்கப் போகிறான் என்று நல்லவிதமாகவே பேசினார்கள். அது அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். புகழ்ச்சி கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

போன தவக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை என்று தொடங்கியது. நாட்டு மருந்து பார்த்தோம், பிறகு நாகர்கோவிலில் ஆசுபத்திரியில் போட்டோம். ஈரல் போய்விட்டது என்றார்கள். கடலில் அவ்வளவு காலம் போனவன், கட்டிலில் கிடந்து, எங்கள் கண் முன்னால் போனான். நான் இன்னும் அதை எழுதப் பழகவில்லை. கை நிற்கிறது.

அடக்கத்துக்கு லூர்தம்மாள் மாமி வந்தாள். இப்போது பொழிக்கு மேலே பாலம் இருக்கிறது, ஆனாலும் நடக்க முடியாமல் ஆட்டோவில் வந்தாள். அவன் முகத்தைத் தடவினாள். கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்து எல்லாரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டபோது அவள் குழி விளிம்பில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தாள். எங்கள் அம்மை அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இனி எனக்கு வேண்டி ஆரு கடல்ல போய்ப் பாப்பா?" என்று கேட்டாள் மாமி. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கை கூப்பி, எல்லாருக்கும் கேட்கிறதுபோலச் சொன்னாள்: "மரிச்ச ததேயுசுக்க ஆத்துமாவுக்கும், கடல்ல மரிச்ச எக்க மவன் ஆன்றோவுக்க ஆத்துமாவுக்கும் வேண்டி."

மேலத்துறைப் பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இத்தனை வருடமும் அவள் வாயில் வராத சொல். அவளே முதல் பாதியைச் சொன்னாள், ஜனம் பின்பாதியைச் சொன்னது. எங்கள் அம்மையும் சொன்னாள். என் அண்ணனுக்காக அழ வேண்டிய இடத்தில் நான் தலை குனிந்து நின்றேன். அவள் மகனை முதலில் கொன்றதும் எங்கள் வீடு, பிறகு இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்ததும் எங்கள் வீடு, இப்போது திரும்பவும் கொன்றதும் எங்கள் வீடுதான் என்று தோன்றியது. செத்துப்போனவன்மேல் என்ன கோபப்பட முடியும்? ஆனால் கோபமும் வந்தது. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கக் கூடாதா, அவள் இருக்கிற வரைக்குமாவது?

இந்த வருடத் திருவிழாக் களிக்கு நான் போனேன். போகாமல் இருந்தால் மயினி, அண்ணன் பெண்டாட்டி, தனியாக இருப்பாள், பிள்ளை அழும் என்று போனேன். மைதானம் எங்கள் மைதானமே இல்லை. நாலு மூலையிலும் பெரிய விளக்குகள், இரவில்தான் களியே தொடங்குகிறது, அதனால் ஆறு மணி அதற்குள் வருவதே இல்லை. நாற்காலிகள், ஒலிபெருக்கியில் வர்ணனை, கூடுதலாகத் தருகிற நேரத்தை வெளிச்ச எழுத்தில் தூக்கிக் காட்டுகிற பலகை. சாயாக்கடை இருந்த இடத்தில் சிப்ஸும் குளிர்பானமும் விற்கிறார்கள். வியாகுலம் மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். லூர்தம்மாள் மாமி இப்போது எங்கும் வருவதில்லை. மகனுக்குப் பூசை வைத்துவிட்டாள், வாசலில் நிற்பதையும் விட்டுவிட்டாள் என்று சொன்னார்கள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

எனக்கு முன்வரிசையில் இருந்த பையன்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கீப்பர் பந்தை அதிக நேரம் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று இப்போது உலகம் முழுவதும் சட்டம் வந்துவிட்டதாம். ஒருவன் நல்ல சட்டம் என்றான், இன்னொருவன் கீப்பருக்கு மூச்சு வாங்கக்கூட நேரமில்லையா என்றான்.

"நேரம் கொல்லதும் ஒரு களிதாம்லே."

"தோக்கும்பம் சொல்லு பாப்பம்."

"ததேயுஸ் அண்ணன் இருந்திருந்தா இந்த ரூலுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சிருப்பாரு" என்று ஒருவன் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். பாசமாகத்தான் சிரித்தார்கள். அதில் ஒருவன் என்னைத் திரும்பிப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு, பிறகு மரியாதையாகக் கேட்டான்.

"அக்கா, ஒரு சம்சயம். நம்ம ஊரு அவருக்க ஜெபத்துலதானே கப்பு கப்பா ஜெயிச்சுது? பெறவு எதுக்கு அவரே ரூல மாத்தச் சொன்னாரு?"

மற்றவர்களும் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். மயினி பக்கத்தில் இருந்தாள். மடியில் அண்ணன் பிள்ளை இருந்தது.

"வெளிச்சம் பத்தாம போச்சு மக்கா. அதான்" என்றேன்.

அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பிக்கொண்டார்கள். எனக்கு முகம் சுட்டது, விளக்கு அவ்வளவு வெளிச்சமாக இருந்ததால் அதை மறைக்க இடமில்லை.